தோற்றவன் வைத்துக்கொள்ளும் மெடல்

பதிவுத் தபால்
ஓசூர்,
14 நவம்பர் 2025

திருமதி கெம்பம்மா அவர்களுக்கு,

உங்களுக்கு வணக்கம் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மாதேஸ்வரி. பேரிகை வெங்கடப்பனின் ஒரே மகள். அந்தப் பெயரைத் தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள். அப்பா போன மாதம் 28ஆம் தேதி காலமாகிவிட்டார். அவரைக்காய்ச் செடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரப்பில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. உங்களுக்கு யாரும் சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்கள். சொல்லி அனுப்பும் முறையில் நீங்கள் எங்களுக்கு ஒன்றும் ஆகவேண்டியதும் இல்லை.

அப்பா பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவில் தந்தி அடிப்பவராக இருந்தார். எழுபத்தொன்றாம் வருடப் போரில், குண்டு விழுந்த பதுங்குகுழிக்குள் இருந்தபடியே நாலு மணி நேரம் செய்தி அனுப்பினார் என்று சேனா மெடல் கொடுத்தார்கள். பேரிகையில் வெங்கடப்பன் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். மெடல்காரர் வீடு என்றால் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விடுவார்கள். ஆனால் அவர் ஒரு சுதந்திர தினத்துக்குக்கூட அதைச் சட்டையில் குத்திக்கொண்டதில்லை. வற்புறுத்தினால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

வரும் ஜனவரி 26 அன்று பேரிகைப் பள்ளிக்கூடத்தில் புதிய கணினி அறைக்கு அப்பா பெயர் வைக்கிறார்கள். மெடலைக் கொண்டுவந்து மேடையில் வைக்கவேண்டும் என்று தலைமையாசிரியை அருணா கேட்டிருக்கிறார். பெட்டியைத் திறந்தேன். உள்ளே மெடல் இருந்த பள்ளம் மட்டும்தான் இருக்கிறது. பெட்டிக்கு அடியில் உங்கள் கடிதங்கள், பதினேழு. போன வருடக் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "ஒன்பதாம் தேதி தவறாமல் வா. மெடலை மறக்காதே. நீ வராவிட்டால் எனக்கு அது வருஷமே இல்லை."

நான் எட்டாவது படிக்கும்போது இப்படி ஒரு கடிதம் என் அம்மா ராஜாத்தி கையில் கிடைத்தது. "கட்டினவ நானே வாங்க போங்கன்னு மரியாதையா பேசறேன். இவ யாருடி, வா போன்னு எழுதிக்கிறா?" என்று என்னிடம் கேட்டாள். எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு என்ன தெரியும்? அப்பாவிடம் கேட்டதற்கு, "ஜவளகிரியில சிநேகிதன் ஊடு" என்றார். ஒவ்வொரு டிசம்பர் ஒன்பதும் பழைய பட்டாளத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். அம்மா அன்று அடுப்பு மூட்டமாட்டாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மா போனாள். அன்றிலிருந்து நான் அப்பாவிடம் பேசவில்லை. மாதம் ஒரு முறை போய்ச் சமைத்து வைத்துவிட்டு, பேசாமல் திரும்பி வருவேன்.

நீங்கள் அவருக்கு என்ன ஆகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மெடலை மட்டும் டிசம்பர் 15க்குள் அனுப்புங்கள். எங்கள் கம்பெனி யூனியன்காரர் சொன்னபடி பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். ரசீது என்னிடம் இருக்கிறது.

மாதேஸ்வரி


ஜவளகிரி,
22 நவம்பர் 2025

ரசீது வைத்திருக்கும் மாதேஸ்வரிக்கு,

உன் கடிதம் வந்தபோது என் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். ஆமாம் தாயே, எனக்கும் புருஷன் என்று ஒருவர் இருக்கிறார். பெயர் முனிவேல். ஐம்பத்தோரு வருஷமாக ஒரே ஆள்தான், மாற்றவில்லை.

அண்ணா, அதுதான் உன் அப்பா, போய்விட்டார் என்ற வரியில் என் கண் நின்றுவிட்டது. அழக்கூட வழியில்லை. முனிவேலுக்கு இரண்டு காதும் கேட்காது. உன் அப்பா இருந்த அதே குழியில், அதே குண்டில் போன காது. அதனால் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் படித்துவிடுவார். "இன்னா காயிதம்?" என்றார். பென்ஷன் ஆபீஸ் என்று உதட்டை அசைத்துவிட்டு உள்ளே போனேன். நாலு வெங்காயத்தை வேண்டாமலே நறுக்கி, அழுது முடித்துவிட்டு வந்து உன் கடிதத்தின் மிச்சத்தைப் படித்தேன். படித்தபிறகு அழுகை போய்விட்டது. கோபம் வந்தது.

நான் பால்வாடி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். முனிவேல் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், தமிழ் பேசுவார், எழுத வராது. அண்ணாவுக்குக் கன்னட எழுத்து தெரியாது. ஆகவே முனிவேல் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். கூடப் பட்டாளத்தில் படுத்து எழுந்த சிநேகிதனை அவர் வா என்று சொல்லாமல், எழுந்தருளுங்கள் என்றா சொல்லுவார்? நான் உன் அப்பாவை ஒரு நாளும் அண்ணா என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை. உங்கள் ஊரில் எத்தனை பேர் எங்கள் தெருவுக்குள் வந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள்? அண்ணா என் கையால் களி வாங்கித் தின்று, குழம்பு பத்தவில்லை என்று கிண்ணத்தை நீட்டுவார்.

மெடல் விஷயத்தைச் சொல்கிறேன். டிசம்பர் ஒன்பதாம் தேதி இரண்டு பேரும் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு ஆடு புலி ஆட்டம் ஆடுவார்கள். தோற்றவன் அடுத்த ஒன்பதாம் தேதி வரை மெடலை வைத்துக்கொள்ள வேண்டும். ஜெயித்தவன் இல்லை, தோற்றவன். ஏன் என்று கேட்டால், "சும்னே இரு, உனக்குப் புரியாது" என்று கன்னடம் கலந்து வாயை அடைப்பார்கள். போன வருஷம் என் வீட்டுக்காரர் தோற்றார். நானே பார்த்தேன், மூன்று புலியும் மூலையில் மாட்டிக்கொண்டது. ஆகவே மெடல் எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் அதைத் தபாலில் அனுப்பமாட்டேன்.

அண்ணா போனதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆடி மாதத்தில் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ ஃபோன் செய்யாதே. நான் ஃபோனில் பேசினால் என் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார். தமிழ் எழுத்து அவருக்குப் புரியாது, அதனால் எழுது.

கெம்பம்மா


ஓசூர்,
28 நவம்பர் 2025

கெம்பம்மா அவர்களுக்கு,

நான் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் குவாலிட்டி பார்க்கிறவள். எந்த உதிரிப்பாகம் சரி, எது தப்பு என்று கையில் எடுத்ததும் சொல்லிவிடுவேன். உங்கள் கடிதத்தை நாலு தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். சரியா தப்பா என்று சொல்லத் தெரியவில்லை.

காது கேட்காத ஒரு சிநேகிதர் இருந்தால், அதை என் அம்மாவிடம் சொல்ல அப்பாவுக்கு என்ன கஷ்டம்? ஒரு தடவை அவளையும் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருந்தால் முடிந்துபோயிருக்குமே. இருபத்தெட்டு வருடம் அவள் புழுங்கினாள். ஒன்றும் இல்லாத ஒரு விஷயத்துக்காகவா?

இன்னொன்று. அரசாங்கம் கொடுத்த மெடலை எதற்கு ஆடு புலி ஆட்டத்தில் வைத்து ஆடவேண்டும்? அதுவும் தோற்றவன் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அது என்ன தண்டனையா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மெடலின் ஓரத்தில் அப்பாவின் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கும். சின்ன வயதில் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அது எப்படி இன்னொருவர் வீட்டுப் பொருள் ஆகும்?

நீங்கள் சொல்வது உண்மையானால் மெடலைக் கையில் வைத்து ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள். ஓரத்தில் உள்ள பெயர் தெரியும்படி இருக்கட்டும். பார்த்தபிறகு மற்றதைப் பேசுவோம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மையானால் வருத்தப்படுகிறேன்.

மாதேஸ்வரி


ஜவளகிரி,
3 டிசம்பர் 2025

மாதேஸ்வரிக்கு,

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மெடல் இங்கே இல்லை.

நீ கேட்ட ஃபோட்டோவுக்காக டிரங்குப் பெட்டியைத் திறந்தேன், இல்லை. ராகி கொட்டி வைக்கும் குதிருக்குள் கைவிட்டுத் துழாவினேன். காது மெஷின் கொடுத்தார்களே, அவர் ஒரு நாளும் மாட்டாத அந்த மெஷின் டப்பாவைக்கூடத் திறந்தேன். பரண் மேல் ஏறி இடுப்பைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நீ என்னைக் கள்ளி என்று நினைத்தால் நான் என்ன சொல்ல முடியும்? உன் வீட்டிலும் ஒரு முறை நன்றாகத் தேடு.

அவரிடமே கேட்டேன். எங்கள் வீட்டில் நீளமான சங்கதி எல்லாம் சிலேட்டில்தான், கன்னட எழுத்தில். "மெடல் எங்கே?" என்று எழுதிக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை என் மேல் தெறித்தது. "பத்திரமான எடத்துல கீது. ஒம்போதாந் தேதி அவன் வரட்டும், அப்பத் தெரியும் பாரு." இதற்குமேல் ஒன்றும் வாங்க முடியவில்லை.

தோற்றவன் வைத்துக்கொள்வது ஏன் என்று கேட்டாயே. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். அந்தப் பதுங்குகுழியில் தந்தி மெஷின் முன்னால் மாற்றி மாற்றி உட்காருவார்களாம். வேலை முடிந்து இறங்குகிறவர் லாக் புத்தகத்தில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். ஏறுகிறவர் அதற்குக் கீழே போடவேண்டும். அன்று டிசம்பர் ஒன்பது, விடிந்த நேரம். முனிவேல் இறங்குவதாகக் கையெழுத்துப் போட்டார், உன் அப்பா ஏறுவதாகப் போட்டார். மை காயவில்லை, குண்டு விழுந்தது. முனிவேலுக்குக் காது போயிற்று. உன் அப்பாவுக்கு வலது கை நசுங்கியது. தந்தி அடிக்கப் பழகின கை வேண்டும், வருவதைக் கேட்கக் காது வேண்டும். ஒருவரிடம் இது இல்லை, ஒருவரிடம் அது இல்லை.

உன் அப்பா காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வருகிற எழுத்தை எல்லாம் இடது கையால் முனிவேல் முதுகில் தட்டியிருக்கிறார். முனிவேல் அதை எழுதி, பதிலை அடித்திருக்கிறார். நாலு மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளாக இருந்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்த ஆபீசர் இரண்டு நாளில் இறந்துவிட்டார். மிஞ்சியது லாக் புத்தகம். அதில் முனிவேல் வேலை முடித்து இறங்கிவிட்டார். மெடல் ஒருவருக்கு வந்தது.

உன் அப்பா மெடலைக் கொண்டுவந்து இவர் மடியில் போட்டார். இவர், அதில் இருப்பது உன் பெயர் என்று திருப்பிப் போட்டார். இரண்டு பேருக்கும் வேண்டாம். கடைசியில் ஆட்டத்தில் தோற்றவன் தலையில் கட்டுவது என்று முடிவாயிற்று. கிறுக்குகள்.

கெம்பம்மா


ஓசூர்,
6 டிசம்பர் 2025

கெம்பம்மா அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வந்தது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். லாக் புத்தகம் என்ற இடத்தில் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் லைனிலும் அதுதான். கார்டைத் தேய்த்துவிட்டு வெளியே வந்துவிட்டால், அதற்குப் பிறகு நீ நின்று என்ன வேலை செய்தாலும் செய்யாததுதான். வேலை செய்த கை யாருடையது என்று எந்தக் காகிதமும் கேட்காது.

அப்பாவின் வலது கையில் இரண்டு விரல் மடங்கியே இருக்கும். போரில் அடிபட்டது என்று மட்டும் தெரியும். அந்தக் கையால் எப்படித் தந்தி அடித்தார் என்று ஐம்பது வருடத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தப்பான பாகத்தை ஒரே நிமிடத்தில் கண்டுபிடிக்கிறவள் நான். சாப்பிடும்போது இடது கையால் தரையில் தட்டிக்கொண்டே இருப்பார். "அந்தக் கைய வெச்சிக்கினு சும்மா இருக்கமாட்டீங்களா?" என்று அம்மா கத்துவாள்.

நேற்று பேரிகைக்குப் போய் வீட்டைத் தலைகீழாகக் கொட்டித் தேடினேன். மெடல் இல்லை. இப்போது நீங்கள் எடுத்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு எங்கே என்றும் தெரியவில்லை. ஜனவரி இருபத்தாறாம் தேதி வெறும் பெட்டியோடுதான் மேடையில் நிற்கப்போகிறேன். அதைவிட, ஆறு வருடம் யாரிடம் எதற்குக் கோபப்பட்டேன் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை? உங்களிடமாவது ஏதாவது சொன்னாரா?

ஒன்பதாம் தேதி எங்கள் லைனில் ஆடிட். லீவு கிடைக்காது. தயவுசெய்து அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று காத்திருக்க விடாதீர்கள்.

மாதேஸ்வரி


ஜவளகிரி,
11 டிசம்பர் 2025

மாதேஸ்வரிக்கு,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி மதியம்தான் கைக்கு வந்தது. அதற்குள் எல்லாம் ஆகிவிட்டது.

காலையிலேயே சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். அவர் எனக்கு முன்னால் எழுந்து, முகம் வழித்து, வெள்ளை வேட்டி கட்டி, தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இழுத்துக்கொண்ட கையால் போட்ட கோடு கோணல் மாணலாக இருந்தது. அழித்து அழித்துப் போட்டார். ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்கு மூன்று கூழாங்கல். அந்த முகத்திடம் எப்படிச் சொல்ல? நீயாக இருந்தால் சொல்லியிருப்பாயா?

எட்டு மணி பஸ்ஸுக்குப் போய் நின்றார். பத்தரை பஸ்ஸுக்கு நின்றார். "பேரிகைக்காரன் வரலியா?" என்று கண்டக்டரிடம் கத்துகிறார். தன் குரல் அவருக்குக் கேட்காதே, ஊரே திரும்பிப் பார்க்கிறது. ஒரு மணி பஸ்ஸும் போனபிறகு எனக்குத் தாங்கவில்லை. அவரை உட்கார வைத்து, சிலேட்டில் "வெங்கடப்பா இனி வரமாட்டார்" என்று எழுதிக் கொடுத்தேன். இதைவிட எப்படி எழுத?

அவர் படித்தார். தொடையில் அடித்துச் சிரித்தார். "பயந்துட்டான்! எனக்குத் தெரியும். கண்டுபுடிச்சிட்டான் போலகீது. போன வருஷம் அவன் களி துன்னுக்கினு இருந்தப்ப, ஆணில மாட்டின கோட்டை எடுத்து, நெஞ்சுப் பக்கம் உள்துணியப் பிரிச்சு, மெடலை உள்ள வெச்சு தெச்சிட்டேன். ஒரு வருஷமா அவனேதான் சொமந்துக்கினு கீறான், மடையன்! கோட்டை அறுத்துப் பாருன்னு எழுது அவனுக்கு."

அப்போது அவர் ஊசியும் நூலும் வைத்திருந்ததை நான் பார்த்தேன். பொத்தான் தைக்கிறார் என்று நினைத்தேன். கள்ளன்! தோற்றும் ஏமாற்றியிருக்கிறார்.

ஆக, உன் மெடல் கிடைத்துவிட்டது மகளே. கோட்டின் இடது பக்கத்தைப் பிரித்துப் பார். இருபத்தாறாம் தேதி நீ வெறும் பெட்டியோடு நிற்கவேண்டாம்.

உன் கேள்விக்குப் பதில். ஒரு தடவை நானே அண்ணாவிடம் சண்டை போட்டேன், வீட்டில் சொல்லித் தொலைத்தால் என்ன என்று. அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "ஊட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் ராஜாத்தி மொதல்ல மெடல் கதையத்தான் சொல்லுவா, அப்பறம்தான் தண்ணி குடுப்பா. அதுல பாதி இன்னொருத்தனுதுன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. நான் கெட்டவன்னு நெனச்சுக்கட்டும். மெடல் கெட்டதுன்னு நெனைக்கக் கூடாது." அன்றே கேட்டேன், "அண்ணா, எனக்கும் சேர்த்துல்ல கெட்ட பேர் வாங்கிக் குடுக்கறீங்க?" என்று. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. அவர் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன்.

கெம்பம்மா


ஓசூர்,
17 டிசம்பர் 2025

அத்தைக்கு,

அப்பாவை அண்ணா என்று கூப்பிட்டவரை நான் அத்தை என்றுதானே கூப்பிடவேண்டும்? இத்தனை நாள் அந்த முறையைக் கொடுக்காததற்கு மன்னித்துவிடுங்கள்.

அந்தக் கோட்டு வீட்டில் இல்லை அத்தை. மண்ணுக்குள் இருக்கிறது.

எங்கள் வழக்கப்படி அப்பாவைப் புதைத்தோம். குளிப்பாட்டி வேட்டி கட்டியபிறகு பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்கா சொன்னார்: "மண்ணு குளிரும், என்னைப் பொதைக்கறப்ப கோட்டைப் போட்டு உடுங்கன்னு உங்கப்பா சொல்லிக்கிறாரு." ஆறு வருடம் அவர் கேட்டு நான் ஒன்றும் செய்ததில்லை. அவர் என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. இதையாவது செய்யலாம் என்று நானே கோட்டைப் போட்டுவிட்டேன். விறைத்த கையைக் கோட்டுக் கைக்குள் நுழைப்பது கஷ்டமாக இருந்தது. ஐந்து பொத்தான். இடது நெஞ்சில் ஏதோ தடிப்பாக இருந்தது. பழைய துணி, உள்ளே சுருண்டிருக்கிறது என்று நினைத்து, உள்ளங்கையால் தேய்த்துச் சமன் செய்தேன். இரண்டு தடவை தேய்த்தேன். பிறகு பொத்தானைப் போட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்த யோசனையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தோண்டி எடுக்கலாமா என்று நினைத்தேன். சமாதி வரைக்கும் போய் நின்றேன். அங்கே நின்று என்ன நினைக்கவேண்டும் என்றே தெரியவில்லை. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஒரு வருடம் முழுக்க அதைச் சுமந்துகொண்டு, மெடல் உங்கள் வீட்டில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். அது தெரியாமலே போய்விட்டார். நான் பேசியிருந்தால் எனக்காவது இந்தக் கதை எல்லாம் சொல்லியிருப்பாரோ? இதற்கு இனி பதில் கிடையாது. தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அருணா டீச்சரிடம் மெடல் இல்லை என்று சொல்லிவிட்டேன். அறைக்கு இரண்டு பெயர் போடவேண்டும் என்றும் சொன்னேன். "அரசாங்கக் காகிதத்தில் ஒரு பெயர்தானே இருக்கிறது?" என்றார். உங்கள் மூன்றாம் தேதிக் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பெயர் எழுதும் பெயின்டரை நிறுத்தி வைத்திருக்கிறார். மாமாவின் பெயரை எப்படி எழுதவேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அவரிடம் சொல்லவேண்டியது உங்கள் தலையில் விழுகிறது. என்னால் வந்து சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

உங்கள் மாதேஸ்வரி


ஜவளகிரி,
26 டிசம்பர் 2025

என் மகள் மாதேஸ்வரிக்கு,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்து மூன்று நாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். நாலாம் நாள் அவரே, "பென்ஷன் ஆபீஸ்காரன் எதுக்கு இத்தனை காயிதம் போடறான்?" என்று கேட்டார். ஐம்பத்தோரு வருஷம் குடித்தனம் செய்தவரிடம் எத்தனை நாள் பொய் நிற்கும்? சிலேட்டை எடுத்தேன். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா செத்துப்போய்விட்டார். ஐப்பசியில். அவரைக்காய்த் தோட்டத்தில்" என்று எழுதினேன்.

படித்தார். சிலேட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பது போல. தரையில் ஒன்பதாம் தேதி போட்ட கோடு இன்னும் இருந்தது, நான் பெருக்கும்போது அதை விட்டுவிட்டுத்தான் பெருக்குகிறேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "மெடல்?"

எழுதிக் காட்டினேன். கோட்டோடு புதைத்துவிட்டார்கள்.

"நெஞ்சு மேலயா?"

ஆமாம் என்று தலையாட்டினேன், என் இடது நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்ப இனிமே எப்பவும் அவன்கிட்டதான் இருக்கும்," என்றார். "அப்ப நான் ஜெயிச்சிட்டேனா?" என்றார். கேட்டுவிட்டு அழுதார் பார். தான் எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று அவருக்குத் தெரியாதே. தெருவே வந்து நின்றுவிட்டது. நான் கதவைச் சாத்திவிட்டு அவரோடு உட்கார்ந்து நானும் சத்தமாகவே அழுதேன். வெங்காயம் நறுக்கவேண்டிய அவசியம் இந்தத் தடவை இல்லை. என் முதுகில் விரலால் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது.

உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு நாள் களியைத் தொடவில்லை, நேற்றுச் சாப்பிட்டார். உன் பெயின்டர் விஷயத்தைச் சொன்னேன். முதலில் வேண்டாம் என்றார், நான் கையெழுத்துப் போட்டு எறங்கினவன் என்றார். ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு, "எழுதறதுன்னா லாக் புத்தகத்துல இருக்கற மாதிரி எழுதச் சொல்லு. மேல என் பேரு, அதுக்குக் கீழ அவன் பேரு. மாத்தக் கூடாது," என்றார். செத்தவர் பெயருக்கு மேல் தன் பெயரா என்று நான் கடிந்துகொண்டேன். அதற்கு அவர், நடுவில் இடம் விடாமல் எழுதச் சொல் என்றார். டீச்சரிடம் அப்படியே சொல்லிவிடு.

இன்று காலை வெயிலில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கூப்பிட்டார்.

"அந்தக் கோட்டுக்குப் பொத்தான் போட்டது யாரு?"

அவர் மகள் என்று எழுதினேன். தடிப்பாக இருந்ததை உள்ளங்கையால் இரண்டு தடவை தேய்த்துவிட்டுப் போட்டாளாம் என்றும் எழுதினேன். அவர் அதை வெகுநேரம் வைத்துப் பார்த்தார்.

"அவன் ஒரு நாளும் அதைக் குத்திக்கினதில்ல. பெரிய ஆபீசர் குத்திவிட்டப்பகூட, மேடையை விட்டு எறங்கறதுக்குள்ள கழட்டிட்டான்," என்றார். "கடைசில அவன் பொண்ணு குத்திவிட்டுக்கிறா. அதை அவன் கழட்டலியே."

இதை உனக்கு எழுதச் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம். மற்றதை எல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். ஜனவரி இருபத்தாறாம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறோம். அவருக்கு உப்பு கம்மியாகப் போட்டுச் சமை. சாக்கட்டியும் புளியங்கொட்டையும் மூன்று கூழாங்கல்லும் இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டார். விழா முடிந்ததும் அவரைச் சமாதிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

உன் அத்தை,
கெம்பம்மா